கேட்டது மூன்று தனி இடம், தந்தது ஒரே குவியல்

நாஸ் பெட்டியை (வீட்டு வலையமைப்பில் இணைத்து எல்லோரும் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) பொருத்தித் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்கள், வாங்குகிறவன் என்ன சொல்கிறான் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்களா? நான்கு ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட், நான்கும் என் பணம். எதற்கு எது என்று தாளில் எழுதியே கொடுத்தேன். முதல் இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் பிரதியாக மற்றொன்று. அதில் குடும்பப் படங்கள் மட்டும். மூன்றாவது கமராப் பதிவுகளுக்கு. நான்காவது மடிக்கணினிகளின் பேக்கப்புக்கு. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் கட்டடம் ஒன்றில்தான் வாங்கினேன். "சரி அண்ணா, அப்படியே செய்து தருகிறோம்" என்றார் கடைக்காரத் தம்பி. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தோடு அந்தத் தாளின் கதை முடிந்துவிட்டது.

பெட்டி வெள்ளவத்தைக்கு வந்தது. திறந்து பார்த்தால் "படங்கள்", "கமரா", "பேக்கப்" என்று மூன்று பெயர்கள் அழகாகத் தெரிந்தன. உள்ளே நடந்திருப்பது வேறு. நான்கு டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டி ரெயிட் 5 (தரவை எல்லா டிஸ்க்கிலும் பரப்பி, ஒன்று பழுதானாலும் மீட்கும் முறை) போட்டு, அதன் மேல் முழு இடத்தையும் விழுங்கும் ஒரே வொல்யூமை, அதாவது சேமிப்புப் பகுதியை, உருவாக்கி, அதற்குள் மூன்று ஃபோல்டர் போட்டிருக்கிறார்கள். ஒரே தண்ணீர்த் தாங்கியில் மூன்று குழாயைப் பொருத்திவிட்டு மூன்று தாங்கி என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்!

கமராக் குழாய் திறந்தபடியே ஓடியது. ஒரு கமரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவுசெய்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிகாபைட். எங்கள் ஒழுங்கையைப் பார்த்திருப்பவை நான்கு கமராக்கள்; அதாவது நாளுக்கு 170 ஜிகாபைட்டுக்கு மேல். 12 டெராபைட் என்று விற்கப்பட்டு, திரையில் 10.9 என்று காட்டும் இடம் முழுவதையும் நிரப்ப இந்த வேகத்துக்கு இரண்டு மாதமும் சொச்சமும் போதும். நிரப்பியது. அம்மாவின் கல்யாண ஆல்பத்தை ஸ்கான் செய்துகொண்டிருந்த என் தங்கைக்கு ஒரு படத்தைக்கூடச் சேமிக்க முடியவில்லை. ஏதோ தெருநாய் ஒழுங்கையைக் கடப்பதை நான்கு கோணங்களில் பாதுகாத்து வைத்திருக்கிறது இந்தப் பெட்டி. அம்மாவின் தாலி கட்டும் படத்துக்கு இடமில்லை என்கிறது!

கடைக்குப் போய்க் கேட்டேன். "ஃபோல்டருக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டுவிடலாம் அண்ணா, பிரச்சினை தீர்ந்தது" என்கிறார். எது தீர்ந்தது? அளவுக் கட்டுப்பாடு போட்டால் கமரா இடத்தைத் தின்பது நிற்கும், அவ்வளவுதான். இரவு பகலாக எழுதும் கமரா நான்கு டிஸ்க்கையும் சேர்த்தே வேலை வாங்கும். ரெயிட் 5 என்றால் ஒவ்வொரு பதிவும் துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் போய் விழும். மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் படங்கள் இருக்கும் டிஸ்க்கும் இருபத்துநான்கு மணிநேரமும் கமராவுக்காகத் தேய்கிறது. ஒரு டிஸ்க் போனால் தாங்கும், உண்மைதான். போன டிஸ்க்குக்குப் பதில் புதியது போட்டு, மற்ற மூன்றையும் அடிமுதல் நுனிவரை படித்து மீளக் கட்டியெழுப்பும் அந்த நீண்ட நேரத்தில் இரண்டாவதும் போனால்? படங்கள், கமரா, பேக்கப் எல்லாம் ஒரேயடியாகப் போகும். நான் தனித்தனியாகக் கேட்டதே இதற்காகத்தான். ஒன்றில் மிஞ்சும் இடம் மற்றதற்கு உதவாது என்று தெரிந்துதான் கேட்டேன். "இடம் வீணாகுமே என்றுதான் அண்ணா" என்று எனக்காக இரக்கப்படுவதற்கு அவர் யார்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். ஒரே பூலுக்குள், அதாவது ஒன்றாகக் கட்டிய டிஸ்க்குகளின் தொகுதிக்குள், இரண்டு மூன்று வொல்யூம் போட்டுக் கொடுத்துவிட்டு "தனித்தனியாகப் பிரித்துவிட்டோம்" என்பார்கள். அதில் ஒரு வொல்யூம் நிரம்பினால் மற்றது தப்பும். அந்த அளவுக்கு நல்லது. டிஸ்க் பழுதானால் எல்லாம் ஒரே கதிதான், ஏனென்றால் அடியில் இருக்கும் டிஸ்க்குகள் அதே நான்கு. டிஸ்க் வாரியாகப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பூலையே தனித்தனியாகப் போடவேண்டும். வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கவேண்டிய கேள்வி இது: எத்தனை பூல், எந்தப் பூலில் எந்த டிஸ்க்?

சரி, இப்போதாவது பிரிக்கலாம் என்றால் என் பெட்டியில் வொல்யூமைப் பெருப்பிக்கப் பொத்தான் இருக்கிறது, சிறுப்பிக்க இல்லை. இதுதான் எனக்கு அடங்காத கோபம். இந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அதில் கோப்புகளை அடுக்கி வைப்பது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை. வொல்யூமைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் சுருக்கும் கருவி லினக்ஸில் நெடுங்காலமாக இருக்கிறது. ரெயிட் என்ற யோசனையையே பெர்க்லி பல்கலைக்கழகக்காரர்கள் 1988இல் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். இவ்வளவு காலம் பழகிய தொழில்நுட்பத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து விற்கிற நிறுவனத்துக்கு ஒரு பொத்தானை வைக்க மனமில்லை. அதைவிட மோசம், முதல் நாள் அமைப்பின்போது "அதிகபட்சம்" என்பதைத் தானே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு "அடுத்து, அடுத்து" என்று தள்ளிக்கொண்டு போவது. இதைப் பின்னால் மாற்ற முடியாது, மாற்றவேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும் என்று அந்தத் திரையில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? டிஸ்க்கில் உள்ளவை அழியும் என்று மட்டும் பெரிய எழுத்தில் எச்சரிக்கிறார்கள். புத்தம் புதிய டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது?

மலிவான சாமானும் அல்ல. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் 2022இல் 360 ரூபாயை எட்டியதிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குவதே குடும்பத்தில் கூடிப் பேசி எடுக்கும் முடிவாகிவிட்டது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. மாதாமாதம் டொலரில் கட்டுவதைவிட வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்றுதான் பலர் இந்தப் பெட்டிப் பக்கம் வந்தோம். மின்சாரத்தை நம்பவும் முடியாத ஊர். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் முட்டியது என்று நாடு முழுவதும் இருண்டது. அப்படித் திடீரென்று அணைந்து எழும்பும்போது முழு ரெயிட்டையும் சரிபார்க்கத் தொடங்கினால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்துதான் உழைக்கவேண்டும். தனிப் பூலாக இருந்தால் படங்களுக்கான இரண்டு டிஸ்க்கும் கமராவின் வேலையைச் சுமக்காது.

எங்கள் வீடுகளில் படம் என்றால் என்னவென்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா? 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளோடு எத்தனை ஆல்பங்கள் எரிந்தன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் கிளம்பியவர்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சுவரில் மாட்டிய படங்கள் சுவரிலேயே நின்றன. எங்கள் தாத்தாவின் முகம் எங்களுக்குத் தெரிவது ரொரன்ரோவில் இருக்கும் மாமியிடம் ஒரேயொரு படம் தப்பியிருந்ததால். அதை ஸ்கான் செய்து அனுப்பியிருந்தார். அந்தப் படத்தை நாய் போன பதிவோடு ஒரே குவியலில் போட்டு, ஒன்று போனால் மற்றதும் போகும்படி கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு டிஸ்க்கில் பிரதி இருந்தாலும் போதாது, வெளியில் இன்னொரு பிரதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். லண்டனில் அண்ணனிடம் ஒன்று வைக்கத்தான் போகிறேன். அது வீட்டிலிருப்பதை ஒழுங்காக வைப்பதற்குப் பதிலாகாது.

இப்போது இருக்கும் ஒரே வழி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வொல்யூமையும் பூலையும் அழித்து, முதலிலிருந்து கட்டுவது. கமராப் பதிவுகளை அழித்துவிட்டாலும் படங்களும் பேக்கப்பும் 3 டெராபைட்டுக்குக் கிட்ட வருகின்றன. விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வெளியே எடுக்க எட்டு மணிநேரத்துக்கு மேல், திரும்ப உள்ளே போட இன்னும் அவ்வளவு. அதற்கு ஒரு வெளி டிஸ்க் வேண்டும். அதையும் நானே வாங்க வேண்டுமாம். மறுபடி அமைத்துத் தருவதற்குத் தனிக் கட்டணமாம். கொடுக்க மாட்டேன். எழுதிக் கொடுத்த தாளின் படம் என் கைபேசியில் இருக்கிறது, பற்றுச்சீட்டில் "அமைத்தல் கட்டணம்" என்று தனி வரியும் இருக்கிறது. வெளி டிஸ்க்கை அந்தக் கடை இரவல் தரட்டும், அவர்களுடைய ஆள் என் வீட்டுக்கு வந்து என் கண் முன்னால் மூன்று பூலாகப் பிரித்துத் தரட்டும். அதுவரை கமராக்களை நிறுத்தி வைத்திருக்கிறேன்.