முடிந்துவிடும் என்று யார் சொன்னது?

மேலே ஒருவர், ஆங்கில இலக்கணத்தில் 'வில் ஹேவ் பீன்' என்று வரும் டென்ஸைப் பற்றி, "ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்றால் அந்த நாளுக்குள் வேலை முடிந்திருக்கும் என்று பொருள், அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறார். தேர்வுக்குப் படிப்பவர்கள் தயவுசெய்து நம்ப வேண்டாம். முடிந்திருக்கும் என்று சொல்வது வெறும் ஃபியூச்சர் பெர்ஃபெக்டின் வேலை. கன்டினியூவஸும் சேர்ந்தால், அந்த நேரம் வரை எவ்வளவு காலமாக நடந்துகொண்டிருக்கும் என்பதுதான் கணக்கு. அப்புறமும் தொடரலாம், நின்றும் போகலாம்.

நம்ம ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். அப்படியானால் 2029 பிப்ரவரியை வைத்து, 'கிருஷ்ணகிரி வில் ஹேவ் பீன் ஃபங்ஷனிங் அஸ் எ செபரேட் டிஸ்ட்ரிக்ட் ஃபார் 25 இயர்ஸ்' என்று எழுதலாம். அதற்காக அன்றோடு கலெக்டர் ஆபீஸைப் பூட்டிவிட்டு மறுபடி தர்மபுரியோடு சேர்த்துவிடுவார்களா என்ன?

அந்த வாக்கியத்தில் 'சின்ஸ் 25 இயர்ஸ்' என்று போட்டால் மார்க் போச்சு. நானே பல வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கால அளவுக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். 'சின்ஸ் 2004' சரி. நோ (தெரிந்திருத்தல்), பிலாங் (சொந்தமாக இருத்தல்) மாதிரி நிலையைச் சொல்லும் வினைகளுக்கு இந்த டென்ஸே ஒத்துவராது. 'வில் ஹேவ் பீன் நோயிங்' கிடையாது, 'வில் ஹேவ் நோன்' தான்.

கீழே 'பை த டைம் யூ வில் ரீச் ஓசூர்' என்று எழுதி, ஓசூர் பஸ் வாக்கியம் கேட்ட தம்பிக்கு, சரியான வாக்கியம் இது: 'பை த டைம் யூ ரீச் ஓசூர், ஐ வில் ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ்.' நீங்கள் எழுதிய 'வில் ரீச்'சில் அந்த வில்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.