ட்யூப்லைட்டில் பெயர் எழுதாமல் ஒரு விழா

கோயில் ட்யூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். நாலடி விளக்கில் மூன்றடிக்குச் சிவப்புப் பெயிண்ட். 'உபயம்' என்று ஆரம்பித்து கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர், ஊர். மிச்சமிருக்கும் ஓரடியில்தான் வெளிச்சம் வர வேண்டும். போன மாதம் பெங்களூர் அல்சூரில் எங்கள் கூடுகையைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது எனக்கு இந்த விளக்குதான் கண் முன்னால் நின்றது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முப்பது நாற்பது பேர். பெரும்பாலும் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழர்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு பள்ளி மைதானத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, கோலம், பறை, பொம்மலாட்டம், கதை, சமையல் என்று யாருக்கு எது கைவருமோ அதைச் செய்கிறோம். டிக்கெட் கிடையாது, கடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையவே கிடையாது. இந்த முறை வீட்டுமனை விற்கும் நிறுவனம் ஒன்று, பந்தல், ஒலிபெருக்கி, மதியச் சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு என்று தானாக வந்தது. பதிலுக்கு வாசலில் ஒரு பேனர், உள்ளே ஒரு மேசை, மேசைமேல் கொஞ்சம் நோட்டீஸ். அவ்வளவுதான். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, என்பதுதானே இந்த ஊரின் தாரக மந்திரம்! குழுவில் பாதிப் பேர் அட்ஜஸ்ட் செய்யத் தயார். நான் மாட்டேன் என்றேன். வாட்ஸாப்பில் இரண்டு நாள் ஒரே புகை. அங்கே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோவையாகச் சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் அமெரிக்காவில் வருடா வருடம் நடக்கும் பர்னிங் மேன் என்கிற கலைக் கூடுகையை இழுத்து வருவார். 1986-இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் சில நண்பர்களோடு எட்டடி மரப்பொம்மை ஒன்றை எரித்தார்கள். 1990-இல் அது நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்குப் போனது. இப்போது எழுபதாயிரம் பேர் கூடுகிற கூட்டம். யாரையும் ஒதுக்காதே, பரிசாகக் கொடு, எதையும் சரக்காக்காதே, தடம் விடாமல் போ என்கிற ரீதியில் அதற்குப் பத்துக் கொள்கைகள் உண்டு. அந்தப் பத்தையும் ஹார்வி எழுதியது 2004-இல், அதாவது பொம்மையை எரிக்க ஆரம்பித்து 18 வருடம் கழித்து. பல ஊர்களில் கிளைக் கூடுகைகள் முளைத்ததால், நாம் இதுவரை எப்படி நடந்துவந்தோம் என்று எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் செய்தது தலைகீழ். முதல் கூடுகைக்கு முன்பே பதினான்கு விதிகளை டைப் அடித்து லேமினேட் பண்ணிவிட்டோம். 'இங்கே பார்வையாளர் கிடையாது, எல்லோரும் பங்கேற்பாளர்' என்று அதில் ஒன்று, கொட்டை எழுத்தில். அன்றைக்குத் தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவர் கேட் பக்கம் வந்து, "சும்மா நின்னு பாக்கலாமா சார்?" என்று கேட்டார். எங்கள் பையன் ஒருவன் அட்டையைக் காட்டி, "ஏதாவது செய்யணும் தாத்தா" என்றிருக்கிறான். மனிதர் சங்கடப்பட்டு நகர்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் கையில் சணல் கயிறு. குழந்தைகள் ஓடும் இடத்தில் லைட் வயர் தரையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கி வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனார். காலையிலிருந்து அந்த வயரைத் தாண்டித் தாண்டி நடந்த நாங்கள் அத்தனை பேரும் பங்கேற்பாளர்கள். அட்டையை அன்றைக்கே கழற்றினோம்.

சரி, பேனர் விஷயத்துக்கு வருகிறேன். கொடுப்பது நமக்குப் புதிதா என்ன? தண்ணீர்ப்பந்தல் வைக்கிறோம், கூழ் ஊற்றுகிறோம், அன்னதானம் போடுகிறோம். ஆனால் கல்யாண மண்டப வாசலில் ஒருவர் மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பாரே, அதைப் பரிசு என்று சொல்ல முடியுமா? இன்றைக்கு 501 எழுதினால் நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் 501-க்குக் குறையாமல் எழுத வேண்டும். அதில் தப்பில்லை, பல குடும்பங்களுக்கு அது அவசரத்துக்கு உதவும் சீட்டு மாதிரி. ஆனால் அது கணக்கு. ட்யூப்லைட் உபயமும் கணக்குதான், பாக்கியைப் புகழாக வசூலிக்கிறார்கள். பேனர் வைத்தால் எங்கள் மைதானத்திலும் ஒரு மொய் நோட்டைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். அன்றைக்குக் கோலம் போடும் அக்கா, தன்னை அறியாமலே, மனை விற்கிறவரின் வாசலை அலங்கரித்தவராகிவிடுவார். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. இதே ஊரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் என்கிற கலை நிறுவனம் இருபது வருடத்துக்கு மேலாகச் சித்திரச் சந்தை நடத்துகிறது. குமாரகிருபா சாலை முழுக்கப் படங்கள். பெயரிலேயே சந்தை என்று இருக்கிறது, ஓவியரும் வயிறு வளர்க்க வேண்டுமே. நானே அங்கே பேரம் பேசி வாங்கியிருக்கிறேன். சந்தை வேறு, இது வேறு என்றுதான் சொல்கிறேன்.

பர்னிங் மேனையும் அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே விற்பனை இல்லை என்பார்கள், நீண்ட காலம் காபியும் ஐஸும்தான் விதிவிலக்கு. 2022-இல் காபியையும் நிறுத்தினார்கள். ஆனால் உள்ளே நுழையவே பல நூறு டாலர் டிக்கெட். 'உன்னை நீயே பார்த்துக்கொள்' என்றொரு கொள்கை வேறு. தண்ணீர், சாப்பாடு, கூடாரம் எல்லாம் பாலைவனத்துக்குச் சுமந்து போக வேண்டும். கையில் காசிருப்பவருக்கு அது சாகசம். எங்கள் பக்கத்தில் அதைத் தட்டு, டம்ளர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். சென்னையில் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழாதான் எனக்கு இன்னும் நெருக்கம். மீனவர் தெருவுக்குக் கச்சேரி போனது.

ஆனால் பாலைவனக்காரர்களிடம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் வரிசையாக நின்று தரையைப் பார்த்தபடியே நடந்து குப்பை பொறுக்குகிறார்கள். அது அரசு நிலம். ஓர் ஏக்கருக்கு 1 சதுர அடிக்கு மேல் குப்பை மிஞ்சக்கூடாது என்பது கணக்கு, அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள். எங்களுக்கு யாரும் அப்படி வருவதில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, தெருக் கூட்டும் பௌரகார்மிக அக்காதான் வருவார். முதல் வருடம் பொம்மைகளுக்கு ஜிகினாத் தூள் ஒட்டினோம். சாயங்காலம் பெருக்கினோம், போகவில்லை. தண்ணீர் தெளித்தோம், மண்ணோடு அப்பிக்கொண்டது. கடைசியில் ஏழெட்டுப் பேர் மண்டி போட்டு, செல்லோடேப்பைத் தலைகீழாக விரலில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தோம். இரவு ஒன்பதரை. மைதானம் முழுக்க மினுக்குகிறது, முதுகு விண் விண்ணென்று தெறிக்கிறது. ஜிகினா வேண்டாம் என்று அதற்கப்புறம் விதி எழுத வேண்டியிருக்கவில்லை.

அந்த வேலைக்கு மனை நிறுவனம் ஆள் அனுப்புவதாகச் சொன்னது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் வரும் என்று தெரிந்தால் நாம் இன்னும் நாலு பாக்கெட் ஜிகினா கொட்டுவோம்.

முந்தாநாள் ஒரு வழியாக 'வேண்டாம், நன்றி' என்று எழுதி அனுப்பிவிட்டோம். பந்தல் கிடையாது, வேப்பமர நிழல்தான். ஒலிபெருக்கி இல்லாததால் கதை சொல்பவர் கத்த வேண்டும், அல்லது நாம் கிட்டே போய் உட்கார வேண்டும். உட்கார இன்னும் மூன்று ஜமுக்காளம் தேவைப்படுகிறது. யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். துவைத்துத்தான் திருப்பித் தருவோம். உங்கள் பெயரை எங்கேயும் போட மாட்டோம்.