ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைத் திருப்பிக் கொடுக்க இத்தனை பாடா?

"சேவை மனப்பான்மை இல்லாததுகள்தான் வேலையை விட்டு ஓடும்." எங்கள் மருத்துவமனை மேலாளர் இன்று சொன்னது இது. யாரைப் பார்த்துச் சொன்னார் தெரியுமா? மண்டபத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து, கைக்குழந்தைக்குக்கூட ஒரே முயற்சியில் நரம்பு பிடித்து ஊசி ஏற்றுகிற, என்னோடு வேலை பார்க்கும் நர்ஸைப் பார்த்து!

குவைத்தில் நர்ஸ் வேலைக்குப் போக ராஜினாமா கொடுத்தாள், நோட்டீஸ் காலத்தையும் முழுசாக வேலை பார்த்து முடித்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது இவர்கள் வாங்கிப் பூட்டி வைத்த ஒரிஜினல் சர்டிஃபிகேட் மட்டும்தான் பாக்கி. நைட் டூட்டி முடிந்த கையோடு நானும் துணைக்குப் போனேன். சார் ரவுண்ட்ஸில் இருக்கிறார், உட்காருங்கள். உட்கார்ந்தோம். சார் டிபன் சாப்பிடுகிறார். சரி. சார் போனில் பேசுகிறார். அப்புறம் ஒரு ஃபார்மை நீட்டினார்கள்: பார்மசி, லேப், லாண்டரி எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டுமாம். பார்மசி அண்ணன் உடனே போட்டுக் கொடுத்தார். லேபில் கையெழுத்துப் போட ஆளே இல்லை. லாண்டரியில் யூனிஃபார்ம் ஒரு செட் குறைகிறது என்றார்கள். அந்த யூனிஃபார்முக்கு முதல் மாதச் சம்பளத்திலேயே பணம் பிடித்தார்கள், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் காட்டினாள். திரும்பி வந்தால் வார்டில் பி.பி. பார்க்கும் கருவி ஒன்றைக் காணோமாம், அதற்கும் இவள்தான் பதில் சொல்ல வேண்டுமாம். அது காணாமல் போன அன்று இவள் லீவு. இன்சார்ஜ் சிஸ்டர் ரெஜிஸ்டரையே தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் விரித்தார். அதைப் பார்க்கக்கூட இல்லை அந்த மனிதர். "ஏம்மா, குவைத்துல காசை அள்ளிக் கொடுக்கிறான், அதானே?" என்றார்.

அவள் அழவில்லை. "சார், நைட் பார்த்தவளையே ரிலீவர் வரலன்னு பகலும் பார்க்கச் சொன்னீங்க. என் பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லியும் விடல" என்றாள். அப்போது வந்ததுதான் அந்தச் சேவை மனப்பான்மை. கடைசியில், நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்.

காசுக்காகப் போனால்தான் என்ன தப்பு? உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே இருக்கிற தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் கடற்கரை ஊர்களில் அதை வாங்குகிற நர்ஸ் யார் என்று விசாரித்துப் பாருங்கள். 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கு. எங்களுக்கு ராத்திரியில் ஒரு மாடிக்கே ஒருத்திதான்.

அரசு வேலைக்குப் போகலாமே என்கிறார்கள். 2015-ல் தேர்வெழுதி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். என்கிற மருத்துவத் துறை இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸுகளை 2022 டிசம்பர் 31-உடன் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். இதையெல்லாம் பார்த்தவள், வளைகுடா நாடுகளில் நர்ஸ் வேலைக்கு எழுதுகிற புரோமெட்ரிக் தேர்வுக்குப் படிக்காமல் வேறென்ன செய்வாள்?

நான் ஏன் இன்னும் இருக்கிறேன் என்றால் அந்த இன்சார்ஜ் சிஸ்டரால்தான். டூட்டி சார்ட்டை முன்கூட்டியே போட்டுவிடுவார், நைட் முடித்தவளுக்கு ஆஃப் கொடுக்கச் சண்டை போடுவார், டாக்டர் கத்தினால் நம் முன்னால் வந்து நிற்பார். இப்படி ஒருவர் இருந்தால் கொஞ்சம் குறைந்த சம்பளத்திலும் ஆள் நிற்கும். அவரும் ஓய்வு பெறப்போகிறார். அதற்கப்புறம் இந்த வார்டில் யார் மிஞ்சுவார்கள் என்று மேலாளர் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா?

இந்த லட்சணத்தில் வெயிலில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், ராமேஸ்வரம் பஸ்ஸில் அவளை ஏற்ற மாட்டேன் என்கிறார் கண்டக்டர். "மண்டபம் எல்லாம் ஏறாத, ராமேஸ்வரம் மட்டும்தான்." ஏன் ஐயா, மண்டபத்தைத் தாண்டாமல் எந்த ரோட்டில் ராமேஸ்வரம் போகப் போகிறீர்கள்?