ஆட்சேபணை மனு

(ஊரின் பெரிய சாலையை மாற்றியமைக்கப் போகிறார்கள். நடைபாதை அகலமாகும், சைக்கிளுக்குத் தனிப்பாதை வரும், பேருந்துக்குத் தனித்தடம். ஆட்சேபணை இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறார். தம்பிக்கும் எழுதத் தெரியும், அவருடைய கையெழுத்தைத்தான் யாராலும் படிக்க முடியாது.)

தம்பி: எழுது அக்கா. மதிப்பிற்குரிய ஐயா, இந்தத் திட்டத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அக்கா: திட்டத்தைப் படித்துவிட்டாயா?

தம்பி: கண்டிப்பதற்கு எதற்குப் படிக்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மூன்று தடம் இருக்கிறது, அதில் ஒன்றைப் பிடுங்கிப் பேருந்துக்குக் கொடுக்கிறார்கள். இப்போதே கார் நகர மாட்டேன் என்கிறது. அறிவிருக்கிறதா இவர்களுக்கு?

அக்கா: மனுவில் அப்படி எழுதலாமா?

தம்பி: "கற்றறிந்த பொறியாளர்கள்" என்று எழுது. புரிந்துகொள்வார்கள்.

அக்கா: சரி. தடத்தைப் பிடுங்காமல் வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

தம்பி: ரோட்டை அகலப்படுத்தட்டும். இது ஒரு பெரிய விஷயமா?

அக்கா: அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து கேட்டி நெடுஞ்சாலையை அப்படித்தான் அகலப்படுத்தினார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடம். கொஞ்ச வருடத்தில் உச்ச நேரப் பயணம் முன்னைவிட நீண்டுபோனது. இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், அதுவரை வேறு வழியில் போனவர்கள், வேறு நேரத்தில் போனவர்கள், காரையே எடுக்காதவர்கள் எல்லாரும் கிளம்பி வந்துவிட்டார்கள். சியோலில் நேர்மாறாக, 2003இல் நகரத்தின் நடுவே ஓடிய ஒரு மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு 2005இல் அங்கே ஓடையைத் திறந்துவிட்டார்கள், தினமும் லட்சத்துக்கு மேல் வண்டி ஓடிய இடம் அது. ஊர் நின்றுவிடவில்லை.

தம்பி: உனக்கு இதையெல்லாம் படிக்க ஏது நேரம்?

அக்கா: பேருந்தில்தான். உன் காருக்குப் பின்னால் நிற்கிற பேருந்தில் நேரம் நிறையக் கிடைக்கிறது.

தம்பி: (கேட்காதவர் போல) அடுத்த பத்தி. பேருந்துத் தடம் பாதி நேரம் காலியாகக் கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் நின்றால் வயிறு எரியாதா?

அக்கா: பேருந்து நிற்காமல் போய்விடுவதால்தான் அது காலியாகத் தெரிகிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலத் தடம் ஒன்றில் ஒரு மணி நேரத்தில் கார்கள் 600 முதல் 1,600 பேர் வரைதான் கொண்டுபோகும். பேருந்துக்கென்று விட்டுவிட்டால் 4,000 முதல் 8,000 பேர்.

தம்பி: அந்த 600இல் நானும் ஒருத்தன். எனக்கு மதிப்பில்லையா?

அக்கா: எழுதிவிட்டேன். "நானும் ஒருத்தன்." அப்புறம்?

தம்பி: சைக்கிள் பாதை. இந்த ரோட்டில் சைக்கிளே வருவதில்லை, யாருக்குப் பாதை?

அக்கா: நீ ஒரு நாள் ஓட்டிப் பாரேன்.

தம்பி: இந்த ரோட்டிலா? எனக்கென்ன பைத்தியமா?

அக்கா: (எழுதிக்கொண்டே) "பைத்தியம் பிடித்தவர்கள் மட்டுமே இங்கே சைக்கிள் ஓட்ட முடியும், ஆகவே தனிப்பாதை தேவையில்லை." சரிதானே?

தம்பி: அடி அதை! ஒரு வெள்ளைக்கோடு போட்டால் போதாதா, எதற்குக் கல்தடுப்பு என்று கேள்.

அக்கா: வெள்ளைக்கோட்டுக்குள் காரை நிறுத்துகிறவர் யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால்?

தம்பி: ...அதையும் அடி. வேகத்துக்கு வா. தடத்தின் அகலத்தைக் குறைக்கிறார்களாம், 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாதாம். ஒடுக்கமான தடத்தில் ஓட்டப் பயமாக இருக்காதா?

அக்கா: பயந்தால் மெதுவாகப் போவாய், அதற்குத்தானே ஒடுக்குகிறார்கள். 60இல் மோதுவதற்கும் 30இல் மோதுவதற்கும் பாதிதான் வித்தியாசம் என்று நினைக்காதே, மோதும் ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும். நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் வேகத்தைக் குறைத்தார்கள், நகர மையத்தில் தெருவோர பார்க்கிங்கை எடுத்தார்கள், இப்படிப் பல வருடம் செய்ததில் 2019இல் நடந்து போனவர், சைக்கிளில் போனவர் ஒருவர்கூட அங்கே விபத்தில் சாகவில்லை. அது கிடக்கட்டும், எனக்கு வேறொரு சந்தேகம். முதல் பக்கத்தில் கார் நகரவே இல்லை என்கிறாய், இங்கே வேகம் குறைகிறது என்கிறாய். எதை வைத்துக்கொள்ள?

தம்பி: ராத்திரியில் நகரும்.

அக்கா: ராத்திரிதான் மோதினால் ஆள் பிழைப்பதில்லை. ரோடு காலி, எல்லாரும் பறக்கிறார்கள்.

தம்பி: நடக்கிறவர்கள் மேல் அவ்வளவு அக்கறை என்றால் அவர்களுக்கு ஒரு நடைமேம்பாலம் கட்டிவிடட்டும். எங்களை ஏன் இழுக்க வேண்டும்?

அக்கா: கார் ஏறினால் இன்ஜின் ஏற்றிவிடும், மனுஷர் ஏறினால் முட்டிதான் ஏற்ற வேண்டும். கட்டினால் நீ ஏறுவாயா?

தம்பி: என் முட்டியைப் பற்றித் தெரிந்துகொண்டே கேட்கிறாயே!

அக்கா: அதனால்தான் கீழேயே, நடைபாதை உயரத்துக்கு மேடாக, ஆட்கள் கடக்கும் பாதை போடுகிறார்கள். ஏறி இறங்க வேண்டியது வண்டிகள்.

தம்பி: போதும் அக்கா. இதுவரை மனுவில் என்னதான் இருக்கிறது?

அக்கா: "மதிப்பிற்குரிய ஐயா, கற்றறிந்த பொறியாளர்கள், நானும் ஒருத்தன்." மற்றதை நீயே அடிக்கச் சொல்லிவிட்டாய்.

தம்பி: (கடிகாரத்தைப் பார்த்து) நாலே முக்கால்! கொடு, இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கையெழுத்து இருந்தால் போதும்.

அக்கா: அலுவலகம் எதிர்ச்சாரிதானே, இங்கிருந்தே தெரிகிறது. நடந்து போய்விடு. காரை எடுத்தால் அந்தக் கோடிக்குப் போய் யூ-டர்ன் அடித்து வருவதற்குள் பூட்டிவிடுவார்கள்.

தம்பி: (வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்) நடந்தா? இதைக் கடந்தா? ஆறு தடம், நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டுகூட இல்லை, சிக்னலில் பச்சை மனிதன் எரிந்து நான் பாதி தாண்டுவதற்குள் அவனே ஓடிப்போய்விடுவான், அந்தப் பக்கமாக வருகிறவன் எவனும் பிரேக்கைத் தொடுவதே இல்லை. மனுஷர் கடக்கிற ரோடா இது!

அக்கா: கொஞ்சம் மெதுவாகச் சொல். எழுத வேண்டாமா?