ஹெல்மெட் கண்ணாடியில் டூத்பேஸ்ட் தேய்க்காதீர்கள்

"ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் டூத்பேஸ்ட் தேய்த்துத் துடைத்தால் மழையிலும் பனியிலும் மங்கவே மங்காது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றி வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெயர்தான் கண்ணாடி, பெரும்பாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பல்லில் படிந்த கறையைத் தேய்த்தெடுக்க பேஸ்டில் கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற நுண்துகள்கள் சேர்க்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கில் மெல்லிய கீறல்களை விடும். பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பட்டதும் அத்தனை கீறலும் ஒளியைச் சிதறடிக்கும், பாதையே தெரியாது.

பேஸ்ட் தேய்த்தபின் கொஞ்ச நேரம் மங்காது என்பது உண்மைதான். காரணம், அதிலுள்ள நுரைப்பொருள். மூச்சின் ஈரம் குளிர்ந்த பரப்பில் பொடித் துளிகளாகப் படிவதால்தான் மங்குகிறது. நுரைப்பொருள் அந்த ஈரத்தை மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். சரி, அதற்கு ஒரு சொட்டு பேபி ஷாம்பூ போதுமே! உள்பக்கம் தடவி, காயவிட்டு, மென்மையான துணியால் துடையுங்கள். அவ்வப்போது திரும்பத் தடவ வேண்டும். மங்காமல் தடுக்கும் ஆன்டி-ஃபாக் பூச்சுள்ள கண்ணாடிக்கு இதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

அப்புறம், ஊட்டி மலையேறும்போது நான் முதலில் செய்வது, முகவாய்ப் பக்கத்துக் காற்றுத்துளையைத் திறந்துவிடுவது.