காருக்கு ஏற்றும் கரண்டுக்கு மட்டும் உச்ச விலையா?

"மாசம் ஆயிரம் ரூபாய்கூட ஆகாது சார்." மின்சார கார் பார்க்கப் போன எல்லோரும் ஷோரூமில் கேட்ட வசனம் இது. எனக்கும் சொன்னார்கள், ஒரு தாளில் கணக்குப் போட்டே காட்டினார்கள். அந்தத் தாளில் கரண்ட் யூனிட் ஐந்து ரூபாய். கார் வைத்திருக்கிற எந்த வீட்டில் ஐயா கடைசி யூனிட் வரைக்கும் ஐந்து ரூபாய்க்கு ஓடுகிறது? கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வீட்டுக்கு கரண்ட் பில் வருவதில்லையா?

தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 400 வரைக்கும் ஐந்து ரூபாய்க்குக் கீழே, அப்புறம் ஆறுக்கு மேல், 500 தாண்டினால் எட்டுக்கு மேல், 600 தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800 தாண்டினால் பத்துக்கு மேல், ஆயிரமும் தாண்டிவிட்டால் பதினொன்றுக்கு மேல். அந்த இலவசத்தையும் மலிவு யூனிட்டையும் ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஏசியும் முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடும். கார் கடைசியாக வந்து மேல்படியில் உட்காருகிறது. அதாவது காருக்குள் போகும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த வீட்டிலேயே விலை கூடின யூனிட்.

ஏற்கெனவே 500 யூனிட் ஓடுகிற வீடு என்று வைத்துக்கொள்வோம், கோடையில் ஏசி போடுகிற வீட்டில் அது சர்வசாதாரணம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால், யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று பிடித்தால்கூட இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் கூடும். பில் 900 யூனிட்டில் போய் நிற்கும். காருக்கான அந்த 400 யூனிட்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 4,000 ரூபாய். யூனிட் பத்து ரூபாய்! ஷோரூம் தாளில் இருந்ததற்குச் சரியாக இரண்டு மடங்கு. சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாகிற கரண்டும் மீட்டரில் ஓடத்தான் செய்யும், பேட்டரிக்குள் போவதற்கு மட்டுமா பில் போடுகிறார்கள்?

இதில் வயிறு எரிகிற இடம் அந்த 500. அதுவரைக்கும் 101 முதல் 200 யூனிட்டுக்குப் பாதி விலைச் சலுகை உண்டு. 501 ஆனதும் அதுவும் போச்சு, முன்னாடி எரித்த யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். இந்த நிலைமையில் ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தள்ளி வந்தால் அந்த நாலு நாள் யூனிட்டும் இந்தக் கணக்கிலேயே விழும். தாமதம் யாருடையது, காசு யாருடையது? ரீடிங் தேதி நெருங்கினாலே எங்கள் வீட்டில் மீட்டர் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. போன தடவை என் மாமியார் ராத்திரி ஏசியை அணைத்துவிட்டு, "காருக்குப் போடணும்ல, நான் ஃபேன்ல படுத்துக்கிறேன்" என்றார். எழுபது வயதைத் தாண்டியவர், அதுவும் மே மாசத்தில். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

உடனே ஒருவர் வருவார், "பெட்ரோலைவிட மலிவுதானே, அப்புறம் என்ன?" என்று. மலிவுதான், நான் இல்லை என்று சொல்லவே இல்லை. சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். ஆனால் இந்த காருக்கு வாங்கும்போதே சில லட்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோமே, அதை ஓட்டி ஓட்டித்தானே எடுக்க வேண்டும்? மிச்சமாக வேண்டியதில் ஒரு பங்கை இந்த மேல்படி விலை எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் எந்தக் காலத்தில் திரும்பி வரும்?

டெல்லியில் வண்டி சார்ஜ் செய்ய என்றே தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், யூனிட் நாலரை ரூபாய். இங்கே தனி மீட்டர் கேட்டுப் போனால், ஒரே வீட்டில் இரண்டாவது இணைப்பா, இரண்டையும் சேர்த்துத்தான் பில் போடுவோம் என்று பதில். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். பார்க்கிங்கில் ஒரு 15 ஆம்ப் பிளக் வைக்க சங்கத்தில் கெஞ்ச வேண்டும், கொடுத்தாலும் அது பொதுப் பயன்பாட்டு இணைப்பு. லிஃப்ட் வைத்த கட்டடம் என்றால் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், நிலைக்கட்டணம் வேறு.

பட்டப்பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிற மாநிலம் இது. பகல் நேரத்தில் விலையைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023லேயே விதி கொண்டுவந்தது, எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பதிகிற ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் அது நமக்குப் பொருந்தும். அந்த மீட்டர் எங்கே? மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்று 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி வேறு கொடுத்தது.

வண்டி வாங்கச் சொல்லி சாலை வரியை முழுசாகத் தள்ளுபடி செய்யத் தெரிந்த அரசுக்கு இது தெரியாதா? நான் இலவசம் கேட்கவில்லை, மானியமும் கேட்கவில்லை. காருக்குத் தனி மீட்டர் கொடுங்கள், மீட்டருக்கு ஆகும் பணத்தை நானே கட்டுகிறேன், யூனிட்டுக்கு ஒரே விலை வையுங்கள். அதை வீட்டு 500 கணக்கோடு சேர்க்காதீர்கள்.