ஆங்கிலம் தருகிறோம் என்றால் ஆங்கிலம் தர வேண்டும்

சுவிசேஷம் சொல்ல வெளிநாட்டுக்குக் குறுகிய மிஷன் பயணம் போகிற சபைக் குழுக்கள் "இலவச ஆங்கில உரையாடல் பயிற்சி" என்று அறிவிப்பு ஒட்டுவது இப்போது சாதாரணம். வருகிறவரோடு ஐம்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், பேசுவதற்குப் பாடமாக வேதாகமத்தில் இயேசுவின் வரலாற்றைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நல்ல முறை. ஆனால் பல குழுக்கள் இதை ஒரே விதமாகக் கெடுக்கின்றன. பேசிப் பழக வந்தவரை உட்கார வைத்து, ஐம்பது நிமிடத்தில் நாற்பது நிமிடம் இவர்களே பேசிவிடுகிறார்கள். அவருக்கு ஆங்கிலமும் கிடைப்பதில்லை, சுவிசேஷமும் காதில் விழுவதில்லை.

முதலில் அறிவிப்பு. "இலவச ஆங்கில வகுப்பு" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் பையிலிருந்து வேதாகமத்தை எடுப்பது ஏமாற்று வேலை. இதை "ஞானம்" என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள், தன் போதகத்தில் வஞ்சகமோ கபடமோ இல்லை என்று அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதியதை மறுபடி ஒருமுறை வாசிக்கலாம். 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவை, உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து கிறிஸ்தவச் சாட்சிக்கான நடத்தை நெறிகளை வெளியிட்டன. பல விஷயங்களில் ஒத்துப்போகாத மூன்று தரப்பும், ஏமாற்றும் கட்டாயமும் கூடாது, மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதில் ஒரே குரலில் பேசின.

ஆகவே அறிவிப்பில் இவ்வளவும் இருக்கட்டும்: நடத்துவது எந்தச் சபை, வாசிக்கப்போவது லூக்கா சுவிசேஷம், எந்த மதத்தவரும் மதமே இல்லாதவரும் வரலாம், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கட்டணம் இல்லை, இந்தத் தேதியில் ஆரம்பித்து இந்தத் தேதியில் முடியும். "இப்படிப் போட்டால் யார் வருவார்கள்?" என்று குழுவில் ஒருவராவது கேட்பார். சிலர் வரமாட்டார்கள்தான். வருகிறவர், எப்போது பிரசங்கம் ஆரம்பிக்குமோ என்று பயந்துகொண்டே உட்காரமாட்டார். அந்த நிம்மதி இல்லாமல் யாருக்கும் அந்நிய மொழியில் வாய் திறக்காது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாமல் கற்பித்தாலும் பல நாடுகளில் அது விதிமீறல். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு, 26ஆம் பிரிவில், பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. வெளிநாட்டவரென்றால் நாடுகடத்தலும் உண்டு. ரஷ்யாவில் 2016 முதல் மிஷனரிப் பணிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள். போவதற்கு முன் அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். மாட்டினால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உள்ளூர் சபையார்தான் காவல் நிலையத்துக்கு அலைவார்கள்.

இனி பயிற்சி. குழுவில் ஆறு பேர் என்றால் ஐந்து பேர் பேசட்டும். ஒருவர் வரவேற்பிலேயே இருக்கட்டும். நேரம் பார்க்க, காத்திருப்போர் பட்டியலைக் கவனிக்க, தவறிப்போய் முன்னாலேயே வந்துவிட்டவரோடு பேச ஆள் வேண்டும். ஒருவருக்கு ஒருநாளில் ஐந்து அமர்வு போதும். ஆறாவது அமர்வில் குரலும் போகும், பொறுமையும் போகும். முதல் நாள் கூட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நான்காம் நாள் நாற்காலிகள் காலியாகும். காத்திருப்போர் பட்டியல் கையில் இருந்தால் அந்த இடத்துக்கு உடனே வேறொருவரைக் கூப்பிடலாம்.

ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் சிறந்தது. ஐந்து பேரை ஒன்றாக உட்கார வைத்தால், ஐம்பது நிமிட அமர்வில் ஆளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. நடைமுறையில் துணிச்சலான ஒருவர் முப்பது நிமிடத்தை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். எல்லோரும் ஒரே கூடத்தில், கண்ணில் படும்படி தனித்தனி மேசையில்.

பதிவு செய்யும்போது பத்து நிமிடம் பேசிப் பார்த்தாலே ஆளின் நிலை தெரிந்துவிடும். தன் பெயர், வேலை, குடும்பம் தாண்டி ஒரு வாக்கியமும் வராதவருக்கு வேதபகுதியைக் கொடுத்தால் நடுங்கிப்போவார். அவருக்குப் படங்களும் அன்றாடப் பேச்சும் போதும். நேற்று நடந்ததைத் தட்டுத்தடுமாறியாவது சொல்கிறவர்தான் இந்த முறைக்கு ஏற்றவர்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் முக்கியம். 1611ஆம் ஆண்டின் பழைய ஆங்கிலத்தில் இருக்கிற கிங் ஜேம்ஸ் வேண்டவே வேண்டாம், உங்களுக்கு அது எவ்வளவு மனப்பாடமாக இருந்தாலும் சரி. எளிய ஆங்கிலத்தில் வந்த குட் நியூஸ் போன்ற பதிப்பை எடுங்கள். ஒரு அமர்வுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வசனம். பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டுத் தனித்தாளாகக் கொடுங்கள். லூக்காவை முதல் வசனத்திலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றாம் அதிகாரத்து வம்ச வரலாற்றில் மாட்டினால் அன்றைய அமர்வு பெயர் உச்சரிப்பிலேயே முடிந்துவிடும். ஆட்கள் நடமாடுகிற, ஏதாவது நடக்கிற பகுதிகள் வேண்டும். கெட்ட குமாரன் கதை 22 வசனம். இரண்டு அமர்வாகப் பிரியுங்கள், திரும்பி வந்த தம்பியை அப்பா ஏற்றுக்கொண்டதில் மூத்த மகனுக்கு வருகிற கோபத்துக்கே ஒரு முழு அமர்வு தேவைப்படும்.

சகேயு கதையை எடுத்துக்கொள்வோம், லூக்கா 19, முதல் பத்து வசனம்: இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவர் சகேயு, அவர் வீட்டுக்கே இயேசு விருந்தாளியாகப் போகிறார், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறார் சகேயு. முதல் பத்து நிமிடம் கதைக்குப் போகவே கூடாது: இன்று வேலை எப்படி, வரும் வழியில் என்ன பார்த்தீர்கள். அடுத்த பத்து நிமிடம் வாசிப்பு. நீங்கள் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள், பிறகு அவர். தெரியாத சொற்கள் ஐந்தாறுக்கு மேல் இருந்தால் பகுதி கடினம் என்று அர்த்தம். வரி வசூலிப்பவர் என்றால் ரோமருக்காகத் தன் சொந்த மக்களிடமே பணம் பிடுங்கியவர் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அது தெரியாவிட்டால் ஊரார் ஏன் முணுமுணுத்தார்கள் என்பதே புரியாது.

மீதி இருபத்தைந்து நிமிடம் கேள்விகள். "வை டிட் ஹி கிளைம்ப் த ட்ரீ?" என்று, கொடுத்த தாளிலேயே பதில் இருக்கிற கேள்வியில் ஆரம்பியுங்கள். அடுத்து, எல்லோருக்கும் பிடிக்காத ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் மற்றவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்? பிறகு, நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றாரே சகேயு, அவரை நீங்கள் நம்புவீர்களா? இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும். தன்னை ஏமாற்றிய பங்காளியைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பிப்பார், இறந்தகாலம் எதிர்காலம் எல்லாம் கலந்து. விட்டுவிடுங்கள், திருத்த வேண்டாம். "எஸ்", "நோ" என்று முடிந்துவிடுகிற கேள்வியைத் தவிருங்கள். கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவர் தலைக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருக்கிறார், உங்களுக்குத்தான் மௌனம் தாங்கவில்லை.

பத்தாம் வசனத்தில் சோதனை வரும். இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவும் மனுஷகுமாரன் வந்திருக்கிறார் என்ற வரியைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குப் பிரசங்க மேடை ஞாபகம் வந்துவிடும். அடக்கிக்கொள்ளுங்கள். "இயேசு தன்னைப் பற்றி இங்கே என்ன சொல்கிறார்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் தன் வாயால், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த வசனத்தைச் சொல்லட்டும். அவர் திருப்பி "நீங்கள் என்ன நம்புகிறீர்கள்?" என்று கேட்டால் அப்போது பேசுங்கள்; கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தானே அப்போஸ்தலர் பேதுருவும் தன் நிருபத்தில் சொல்கிறார். இரண்டு நிமிடம், 200 சொல்லுக்குள், குட்டி வாக்கியங்களில். ஊரிலேயே எழுதி, சபைக்குள் மட்டும் புழங்குகிற சொற்களையெல்லாம் அடித்துவிட்டு வாருங்கள். "அப்படியானால் என் கடவுள் பொய்யா?" என்று கேட்கிறவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நான் நம்புவது இது, நீங்கள் நம்புவதைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு உண்மையிலேயே காது கொடுங்கள்.

பிழை திருத்தத்துக்குக் கடைசி ஐந்து நிமிடம். அவர் பேசும்போது துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, அடிக்கடி வந்த மூன்று பிழைகளை மட்டும் காட்டுங்கள். இதைச் செய்யாத குழுவை நான் நம்பமாட்டேன். ஆங்கிலத்தில் அக்கறை இல்லாதவர்கள் அதைத் தூண்டிலாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் உச்சரிப்பு வெள்ளைக்காரர் மாதிரி இல்லையே என்று கூச்சப்படுகிறவர்களுக்கு: நீங்களும் இந்த மொழியை வியர்வை சிந்திப் படித்தவர்கள். எங்கே தடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், பிறவியிலேயே பேசுகிறவருக்குத் தெரியாது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தன் மொழியைச் சொல்லிக்கொடுக்காமல் தமிழைப் படிக்க உட்கார்ந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். போகிற நாட்டின் மொழியில் இருபது வாக்கியமாவது படித்துக்கொண்டு போங்கள். நீங்கள் அதைத் தப்பும் தவறுமாகப் பேசும்போது எதிரில் இருப்பவருக்கும் தைரியம் வரும்.

"ஜெபிக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலோர் சரி என்பார்கள். இலவசமாகக் கற்றுத்தருகிற விருந்தாளியிடம் முடியாது என்று யார் சொல்வார்? அந்தத் தலையாட்டலை, இயேசுவை ஏற்றுக்கொண்ட "தீர்மானம்" என்று அறிக்கையில் எண்ணுவது பொய்க்கணக்கு. மறுப்பதற்கு எளிதாகக் கேளுங்கள்: "நான் உங்களுக்காக இரவு என் அறையில் ஜெபிப்பேன், எதற்காக என்று சொல்ல விரும்பினால் சொல்லுங்கள்." விசா, வேலை, படிப்புதவி பற்றி வாயே திறக்க வேண்டாம். மாணவரின் முகத்தைப் படமெடுத்து "இந்த ஆத்துமாவுக்காக ஜெபியுங்கள்" என்று முகநூலில் போடுகிறவர்கள், அதை அவருடைய மாமனார் பார்த்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இரண்டு வாரப் பயணத்தில் வேலைநாள் பத்துதான். அதற்குப் பிறகு யார் என்பதை முன்னமே முடிவு செய்யுங்கள். உள்ளூர் சபையிலிருந்து இரண்டு பேராவது முதல் நாளிலிருந்தே அமர்வுகளில் கூட உட்காரட்டும். கடைசி நாள் மாணவரிடம் இரண்டு கேள்வி தனித்தனியாக எழுதிக்கொடுங்கள்: ஆங்கிலப் பயிற்சி தொடர வேண்டுமா, லூக்கா வாசிப்பு தொடர வேண்டுமா. இரண்டாவதற்கு "வேண்டாம்" என்று எழுதியவருக்கும் முதலாவது தொடர்ந்து கிடைக்க வேண்டும். தன் தொலைபேசி எண்ணை உள்ளூர் சபையிடம் கொடுக்கலாம் என்று கையெழுத்திட்டவர்களின் தாளை மட்டும் ஒப்படைத்துவிட்டு, மற்றதைக் கிழித்துவிட்டுக் கிளம்புங்கள்.